பட்டிக் கிடாய்

வெள்ளாட்டை ஏழையின் பசு என்று கூறும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. வடநாட்டின் பாலாடுகளை மனத்தில் கொண்டு எழுந்த சொல்லாக அது இருக்க வேண்டும். எங்கள் கரிசல் சீமையின் கன்னி ஆட்டுக்கு அது பொருந்தாது. ஈன்ற குட்டிகள் இரண்டும் குடித்து முடித்தபின் அதன் மடியில் மனிதனுக்கென எஞ்சுவது மிகச் சொற்பம். மருந்துக்கு வேண்டுமென்று யாரேனும் செம்போடு வாசலில் வந்து நின்றால் அரை ஆழாக்குக் கறந்து கொடுக்கலாம், அவ்வளவே. ஆதலால் அதனை ஏழையின் உண்டியல் என்பதே எமக்குச் சரியாகப் படுகிறது. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, தங்கையின் சீர், மழை தப்பிய ஆண்டின் விதைப் பருத்தி என்று வீட்டில் எது வந்தாலும் உடைக்கப்படுவது அந்த உண்டியல்தான். எம்மைக் குருமடத்திற்கு அனுப்பிய நாளில் தகரப்பெட்டியும் போர்வையும் இரண்டு வெள்ளை வேட்டியும் வாங்கிய பணம் ஓர் ஆட்டுக்குட்டியின் விலை என்பதை எங்கள் அன்னையார் இறுதிவரை நினைவில் வைத்திருந்தார்.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று கறுத்த மண் பரந்து கிடக்கும் வட்டாரமே இந்த இனத்தின் தாயகம். உடல் முழுதும் கருமை. முகத்தின் இருபுறமும் கண்ணுக்கு மேலிருந்து மூக்கை நோக்கி இறங்கும் இரண்டு கோடுகள். காதின் உட்புறம், அடிவயிறு, தொடையின் உட்பக்கம், கால்கள் ஆகிய இடங்களிலும் கோட்டின் நிறமே. கோடு வெள்ளையானால் பால்கன்னி, செம்பழுப்பானால் செங்கன்னி. இதற்கு உடன்பிறப்புப்போல அதே வட்டாரத்தில் கொடி ஆடு என்று இன்னோர் இனமும் உண்டு. நெடிய கால்களும் மெலிந்த உடலும் கொண்ட அவ்வாட்டின் வெண்மையான மேனியில் கருந்திட்டு விழுந்தால் கரும்போரை, செந்திட்டு விழுந்தால் செம்போரை. எங்கள் பட்டியில் பால்கன்னி மட்டுமே. தந்தையார் காலத்தில் இருபது உருப்படிகள். இப்போது நிலத்தையும் பட்டியையும் கவனித்து வரும் அண்ணனிடம் இருபத்தாறு.

பணியிடம் எதுவாயினும் மாதம் ஒருமுறை வீட்டுக்குச் சென்று வருகிறோம். வெள்ளாட்டு வீட்டிலிருந்து வந்த குரு என்று தெரிந்தவுடன் பங்கு மக்களில் யாரேனும் ஒருவர், தீர்ப்பு நாளில் இடப்பக்கம் நிறுத்தப்படுவது எது என்று சிரித்துக்கொண்டே கேட்பது வழக்கமாகி விட்டது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்து உவமை அது. இரண்டு வகை ஆடுகளும் பகலெல்லாம் ஒன்றாகவே மேய்ந்தன, மாலையில்தான் பிரிக்கப்பட்டன என்பதை அவர்கள் மறந்து விடுகிறார்கள். பாஸ்கா விருந்துக்குரிய குட்டி செம்மறியாகவும் இருக்கலாம், வெள்ளாடாகவும் இருக்கலாம் என்று விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம் சொல்வதை எடுத்துக் காட்டினால் சிரிப்பு நின்று விடும். இவ்வளவு போதும், மறைநூல் ஆராய்ச்சி இக்கட்டுரையின் நோக்கமன்று.

கன்னி ஆட்டின் அருமையை மழை பொய்த்த ஆண்டில்தான் அறிய முடியும். 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழையை எங்கள் பக்கத்தில் இன்றும் ஒரு சாவைப்போல நினைவுகூர்கிறார்கள். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, விதைத்த உளுந்து மண்ணுக்குள்ளேயே வெந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. தீவனம் வாங்கிப் பரண்மேல் ஆடு வளர்த்தவர்கள் அந்தச் சித்திரைக்குள் கொட்டகையைக் காலி செய்தார்கள். அண்ணன் ஒரு பெட்டையைக்கூட விற்கவில்லை. காலையில் துரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆடுகளோடு ஓடைப்பக்கம் புறப்பட்டு விடுவார். வேம்பும் வாகையும் கொடுக்காப்புளியும் அவருக்குக் குழை கொடுத்தன. உடைமரத்து நெற்றும் கருவேல நெற்றும் உதிர்ந்து கிடந்தன. எல்லாரும் திட்டித் தீர்க்கும் சீமைக் கருவேலமும் தன் மஞ்சள் நெற்றை அந்தக் கோடையில் கஞ்சத்தனமின்றி உதிர்த்தது. ஆடுகள் பின்னங்கால்களில் நின்று எட்டிய மட்டும் தழை பறித்தன. எலும்பு தெரிந்தது உண்மை. ஆனாலும் மறு ஆவணியில் குட்டி ஈன்றன. பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. நல்ல ஆண்டில் இரட்டை போடும் பெட்டை பஞ்ச ஆண்டில் ஒன்றோடு நிறுத்திக் கொள்வதை ஒரு குறையாக அண்ணன் கருதுவதில்லை. “கையிருப்பைப் பார்த்துத்தானே தம்பி குடும்பம் நடத்தணும்” என்பார்.

ஆடு வளர்ப்பு என்பது ஆட்டை மட்டும் அறிவதன்று. அந்த மண்ணில் எது எப்போது நஞ்சாகும் என்பதையும் அறிவதாகும். மழையின்றி வாடிக் குறுகி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் ஆடு வாய் வைத்தால் அரைமணி நேரத்தில் வயிறு உப்பி விழுந்து விடும். முதல் மழைக்குப்பின் தளதளவென்று எழும் புல்லை வயிறு நிறையத் தின்ற ஆட்டுக்குத் துள்ளுமாரி வரும். அதற்கு மழைக்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி வந்ததற்காக அண்ணன் கால்நடைத் துறையை வாழ்த்தாத நாளில்லை. ஒரே வாரத்தில் ஊரின் பட்டிகள் வெறுமையானதைச் சிறுவயதில் கண்ணால் கண்டவர் அவர். பருத்தி எடுத்து முடிந்த புன்செயில் ஆட்டை விட்டால் இலையெல்லாம் இரையாகும். இரவில் படல் கட்டி அங்கேயே கிடை போட்டால் நிலத்துக்கு உரமாகும். மாட்டு எரு மறுவருடம், ஆட்டு எரு அவ்வருடம் என்னும் பழமொழியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் எங்கள் கம்பங்கொல்லைக்கு வரலாம்.

இவை எல்லாம் அக்கறை உள்ள எவரும் கற்றுக் கொள்ளக் கூடியவை. ஓர் இனத்தைக் காப்பதில் உள்ள உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. அதனைச் சொல்லவே இதை எழுதத் தொடங்கினோம்.

ஒரு பட்டியில் பிறக்கும் கிடாய்க்குட்டிகளுள் எது முதலில் விற்பனையாகிறது? எது விரைந்து வளர்கிறதோ, எது நெஞ்சு அகன்று, முதுகு நேராக, மினுமினுப்பாக நிற்கிறதோ அது. வியாபாரியின் கண் நேரே அதன்மேல்தான் விழும். பக்ரீத் வருகிறது, தீபாவளி வருகிறது, பங்குனியில் குலதெய்வக் கொடை வருகிறது. காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவுக்கு ஆகஸ்டு 15 அன்று வீடு நிறைய உறவினர் வருகிறார்கள். நேர்ச்சைக்கு ஊனமில்லாத கறுப்புக் கிடாய்தான் வேண்டும் என்று கேட்பவரும் உண்டு. எல்லாருக்கும் வேண்டியது அந்த ஒரே குட்டி. நல்ல விலைக்கு அது போய் விடுகிறது. விலை போகாமல் பட்டியில் தங்கிப் போகிற நோஞ்சான், தை பிறக்கும்போது வயதுக்கு வந்து, யாரும் திட்டமிடாமலே பெட்டைகள் அனைத்துக்கும் துணையாகி விடுகிறது. அடுத்த தலைமுறை அதன் சாயலில் பிறக்கிறது. இப்படிப் பத்து ஆண்டு நடந்தால் போதும். எந்த நோயும் வராமலே, எந்தப் பஞ்சமும் வராமலே, இனம் தேய்ந்து விடும். பின்னர் “நாட்டு ஆடு வளர்த்தி இல்லை” என்று ஆட்டின்மேல் பழி விழும்.

தொடக்கநூலின் 30ஆம் அதிகாரத்தில் யாக்கோபின் கதையை எண்ணிப் பாருங்கள். புள்ளியும் வரியும் உள்ள வெள்ளாடுகளைத் தன் கூலியாகக் கேட்டவர் அவர். அவற்றை லாபான் முன்கூட்டியே பிரித்து மூன்று நாள் பயணத் தொலைவுக்கு அனுப்பி விட்டான். பட்டை உரித்த கொம்புகளைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்த யாக்கோபின் உத்தியைப் பற்றிக் குருமட வகுப்பில் நெடுநேரம் விவாதித்ததுண்டு. கோடு போட்ட கொம்பைப் பார்த்தால் கோடு போட்ட குட்டி பிறக்குமா என்பதே அந்நாளில் எங்கள் கேள்வி. ஆட்டுக்காரர் மகனாக இப்போது படிக்கையில் வேறொரு வசனம்தான் கண்ணில் நிற்கிறது. வலிய ஆடுகள் பொலியும்போது மட்டும் யாக்கோபு கொம்புகளை வைத்தார். மெலிந்தவை வந்தால் வைக்கவில்லை. இதனால் வலியவை அவருக்கும் மெலிந்தவை லாபானுக்கும் சேர்ந்தன. கொம்பில் இருந்ததோ இல்லையோ, அந்தத் தெரிவில் இருந்தது சூட்சுமம். எங்கள் சந்தைகளில் யாக்கோபின் இடத்தில் வியாபாரி இருக்கிறார். லாபானின் பங்கை வீட்டுக்கு ஓட்டி வருகிறவர்கள் நாங்கள்.

எங்கள் தந்தையார் மறைநூலை அதிகம் படித்தவரல்லர். ஆயினும் ஆண்டுக்கொரு முறை, குட்டிகள் மூன்று மாதம் தாண்டியதும், பட்டிக்குள் போய் அரைநாள் உட்கார்ந்து விடுவார். குட்டியைப் பார்ப்பதைவிடத் தாயைப் பார்ப்பதே மிகுதி. இரட்டையாக ஈன்றதா, இரண்டையும் ஒரு குறையுமின்றி ஊட்டியதா, மேய்ச்சலில் முன்னே போகிறதா பின்தங்குகிறதா, கோடையில் சளி கண்டதா என்று மனக்கணக்குப் போடுவார். பிறகு குட்டியின் கோட்டைப் பார்ப்பார்; கால் ஊன்றுவதைப் பார்ப்பார்; விதை இரண்டும் ஒத்து இறங்கியிருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பார்ப்பார். வெளியே வந்து அன்னையாரிடம் “அது பட்டிக் கிடாய்” என்று ஒரு வார்த்தை சொல்வார். அன்றிலிருந்து அந்தக் குட்டிக்கு விலை இல்லை. மற்றக் கிடாய்களைக் காயடித்துக் கொழுக்க வைத்து விற்றாலும் சரி, குட்டியாகவே கொடுத்தாலும் சரி. எம் படிப்புச் செலவுக்கு நெருக்கடி வந்த ஓராண்டில், வியாபாரி துண்டுக்குள் தந்தையாரின் விரலைப் பிடித்து, மற்றக் குட்டிகளைப்போல் இரு மடங்கு விலை வைத்தாராம். தந்தையார் கையை உருவிக்கொண்டு அன்னையாரின் காதுத் தோட்டை அடகு வைத்தார். எது பெரிய இழப்பு என்று அன்னையாரிடம் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கக் கூடும். அதனையும் மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

அண்ணன் அந்த வழக்கத்தை விடவில்லை. ஆனால் அண்ணன் மகன் வேளாண்மை படித்து, மூன்று ஆண்டு கோவையில் வேலை பார்த்து, வேண்டாமென்று திரும்பி வந்தவன். அவனுடைய கேள்விகளை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆடு உயிர் எடைக்கு விற்கப்படுகிறது. நன்கு வளர்ந்த கன்னிக் கிடாய் முப்பது, நாற்பது கிலோ. தென்னாப்பிரிக்காவின் போயர் இனத்துக் கிடாய் நூறு கிலோவைத் தாண்டும். ஒரே ஒரு போயர்க் கலப்புக் கிடாயைப் பட்டியில் விட்டால் பிறக்கும் குட்டிகள் ஆறு மாதத்தில் இரு பங்கு எடை காட்டும். மலபாரின் தலைச்சேரி ஆட்டுக்குப் பாலும் அதிகம், குட்டியும் அதிகம். “தாத்தா காலத்துல மேய்ச்சலுக்குக் காசு இல்ல, சித்தப்பா. இப்ப பாதி நிலத்துல மக்காச்சோளம், மீதியில காத்தாடியும் சோலார் தகடும். எங்கே மேய்க்க?” என்று எம்மையே நடுவராக்கி ஒரு நாள் கேட்டான்.

மறுப்பதற்கில்லை. உளுந்தும் பருத்தியும் கம்பும் இருந்த புன்செய்களை மக்காச்சோளம் பிடித்துக் கொண்டது. வேலி போட்ட நிலங்கள் பெருகிவிட்டன. ஆடு மேய்க்கக் கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கைப்பேசியில் ஒரு கண்ணும் ஆட்டில் ஒரு கண்ணுமாக இருப்பவர் அடுத்தவர் பயிரில் ஆட்டை விட்டு வழக்கு வாங்கி வருகிறார். அயல் இனத்தை இகழ்வதும் எம் எண்ணமன்று. எட்டாவா, சம்பல் பக்கத்து ஜமுனாபாரி ஆட்டை ஆங்கிலேயர் கப்பலில் கொண்டுபோய்த் தங்கள் ஆட்டோடு கலந்துதான் ஆங்கிலோ நூபியன் என்று உலகம் கொண்டாடும் இனத்தை உண்டாக்கினார்கள். கலப்பு பாவமன்று. ஆனால் கலந்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது என்பதுதான் அண்ணனின் வாதம். போயர்க் கிடாய் ஓராண்டு பட்டியில் நின்றால் அடுத்த தலைமுறைப் பெட்டைகள் அனைத்தும் அரைப்போயர். அவற்றுக்கு அடர்தீவனம் வேண்டும், நிழல் வேண்டும், மருத்துவர் வேண்டும். 2016 திரும்பி வந்தால் அவற்றை ஓடைப்பக்கம் ஓட்டிப்போய் நெற்றில் பிழைக்க வைக்க முடியாது. “நல்ல வருசத்துக்கு எல்லா ஆடும் நல்ல ஆடுதான்” என்றார் அண்ணன். இருவரும் எம் முகத்தைப் பார்த்தார்கள். ஒப்புரவு அருட்சாதனத் தொட்டியில் உட்காரும்போதுகூட அவ்வளவு சங்கடம் நேர்ந்ததில்லை. மதினிதான் “சாமிக்குக் காப்பி ஆறுது” என்று கூறிக் காப்பாற்றினார்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை அந்த வழக்கை வேறு விதமாக்கி விட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவில் பெய்தது என்று பின்னர் அறிந்தோம். தாமிரபரணிக் கரையின் துயரம் எல்லாரும் அறிந்தது. கோவில்பட்டிப் பக்கமும் கண்மாய்கள் உடைந்தன. எங்கள் கொட்டகையின் பழைய மண்சுவர் இரவில் இடிந்து விழுந்ததில் இரண்டு பெட்டைகளும் பட்டிக் கிடாயும் அடியில் சிக்கிக் கொண்டன. மற்றவற்றை அண்ணனும் மகனும் இடுப்பளவு நீரில் ஒவ்வொன்றாகத் தூக்கி வீட்டுத் திண்ணைக்கும் பின்னர் ஆலயத்தின் முகமண்டபத்திற்கும் கொண்டு சேர்த்தார்கள். குளிரில் நனைந்த குட்டிகள் நான்கு சளிக்காய்ச்சலில் போயின. பாலம் திறந்து நாம் போய்ச் சேர்ந்தபோது மீதி ஆடுகள் முகமண்டபத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஊர்க் கோயிற்பிள்ளை முகம் சுளிக்காமல் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சுவரை எழுப்பி விடலாம். கிடாய்க்கு எங்கே போவது? எஞ்சியிருந்த கிடாய்க்குட்டி இரண்டும் இறந்த கிடாயின் மக்கள். தங்கள் அக்காள் தங்கையரோடும் தாயரோடும் அவற்றைச் சேர்த்தால் இரத்தம் நெருங்கி, பிறக்கும் குட்டி நலியும். இரண்டு ஆண்டுக்கொரு முறை கிடாயை மாற்ற வேண்டும் என்பதும், அடுத்த ஊர்ப் பட்டியோடு கிடாய் மாற்றிக் கொள்வதும் பழைய வழக்கங்களே. மாற்றிக் கொண்டிருந்த பட்டிகள் ஒவ்வொன்றாகக் கலந்து விட்டன என்பது அப்போதுதான் முழுதாகத் தெரிய வந்தது.

எட்டயபுரம் ஆட்டுச்சந்தை சனிக்கிழமை கூடும். பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் அங்கு நிற்க இடமிராது. 2024 மாசியில் அண்ணனும் மகனும் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து போனார்கள். மூன்றாவது வாரம் நாமும் உடன் சென்றோம். விடியுமுன்பே டார்ச் வெளிச்சத்தில் பல் பிடித்துப் பார்க்கிறார்கள். துண்டுக்குள் விரல்கள் பேசுகின்றன. ஆயிரக்கணக்கில் ஆடுகள் நின்றன. கறுப்பு ஆட்டுக்குக் குறைவே இல்லை. விலை கேட்டால் எல்லாரும் “கன்னிதான், பாருங்க” என்றார்கள். ஒன்றின் காது தாடைக்குக் கீழே தொங்கிற்று. ஜமுனாபாரியோ தலைச்சேரியோ அதற்குள் இருந்தது. மற்றொன்றின் கோடு சரியாக இருந்தது, விலாவில் வெள்ளைத் திட்டு. இன்னொன்றுக்குக் கழுத்தும் காலும் உருண்டு திரண்டிருந்தன. அண்ணன் ஒவ்வொன்றின் தாடையையும் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நகர்ந்தார். அதுவரை எடைக்கணக்குப் பேசிக்கொண்டிருந்த மகன், அன்றைக்கு வெயில் ஏறியபின் சந்தை வாசலில் ஒரு தேநீரை வைத்துக்கொண்டு, “இவ்வளவுக்குள்ள ஒண்ணு இல்லையா?” என்று இருமுறை கேட்டான். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் வெள்ளாடுகள் ஒரு கோடியை நெருங்கும் எண்ணிக்கையில் இருந்தன. அந்தப் பெருங்கணக்குக்குள் எங்களுக்கு வேண்டிய ஒன்று அன்று அகப்படவில்லை.

கன்னி, கொடி, சேலம் கறுப்பு ஆகிய தமிழகத்து வெள்ளாட்டினங்களைக் கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபு வள நிறுவனம் முறைப்படி பதிவு செய்திருக்கிறது. நல்ல காரியம், பெயரும் அடையாளமும் ஏட்டில் ஏறாவிட்டால் பிறகு எதைக் காப்பது என்றே தெரியாமல் போகும். ஆயினும் சந்தையிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் வழியில் ஏட்டின் நினைவு பெரிதாக ஆறுதல் தரவில்லை.

கிடாய் கிடைத்தது சந்தையில் அன்று. சாத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், கணவரை இழந்த ஒரு மூதாட்டியிடம் பதினோர் ஆடுகள் இருப்பதாக ஒரு வண்டிக்காரர் சொன்னார். போய்ப் பார்த்தபோது பதினொன்றும் செதுக்கி வைத்தாற்போலப் பால்கன்னி. கிடாய்க்கு மூன்று வயதிருக்கும். கிடாய் வீச்சம் தெருமுனையிலேயே வரவேற்றது. அண்ணன் மனத்தில் வைத்திருந்த விலையைவிட மூவாயிரம் கூட்டிக் கேட்டார். அந்த அம்மா விற்க மறுத்தார். “வித்துட்டா நான் எங்கய்யா போவேன்? ரெண்டு மாசம் ஓட்டிட்டுப் போங்க. பெறக்குற கிடாய்க்குட்டில ஒண்ணு, நான் பாத்து எடுக்கதை, எனக்குக் கொடுங்க. எம் பட்டியிலயும் ரத்தம் மாத்தணும்லா” என்றார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. கிடாயை வண்டியில் ஏற்றும்போது அதன் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பங்குனியிலும் சித்திரையிலும் பெட்டைகள் சேர்ந்தன. கிடாயை வைகாசி பிறப்பதற்குள் சாத்தூருக்குத் திருப்பி விட்டார்கள். ஐந்து மாதம் சுமந்து, ஆவணி முதல் ஒவ்வொன்றாக ஈன்றன. இருபத்தொன்பது குட்டிகள், அவற்றில் கிடாய் பதினான்கு. மூன்று மாதம் சென்றபின் அண்ணன் பட்டிக்குள் போய் உட்கார்ந்தார். இம்முறை மகனும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உடன் உட்கார்ந்தான். பெட்டைகளின் காதில் எண் அட்டை போட்டு, எந்த எண் எப்போது ஈன்றது, எத்தனை, பிறந்த எடை, மூன்றாம் மாத எடை என்று பதிந்து வைத்திருந்தான். இருவருக்கும் இரண்டு குட்டிகள் தெரிவாயின. மகன் காட்டியது எல்லாவற்றிலும் கனமானது, ஒற்றையாகப் பிறந்தது. அண்ணன் காட்டியது அதைவிட இரண்டு கிலோ குறைவு, இரட்டையில் ஒன்று. ஒற்றைக் குட்டி ஒருத்தி பாலை ஒருவனாகக் குடித்து வளர்ந்தது, அதன் எடை அதன் பெருமையன்று என்றார் தந்தை. மகன் நோட்டைப் புரட்டிவிட்டு, அந்தக் கணக்கு நோட்டிலும் இருப்பதை ஒப்புக்கொண்டான். குட்டியை விட்டுக்கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

தை மாதம் அந்த அம்மா பேருந்தேறித் தாமே வந்தார். மதினி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் பட்டிக்குள் நுழைந்தார். குட்டிகளைப் பார்க்கவில்லை. பெட்டைகள் குட்டிகளுக்கு மடி கொடுக்கும் நேரம்வரை ஓரமாகக் காத்திருந்து, எது இரண்டுக்கும் அசையாமல் நிற்கிறது, எது உதறிவிட்டு ஓடுகிறது என்று பார்த்தார். பிறகு அண்ணன் குறித்து வைத்திருந்த அதே இரட்டைக் குட்டியின் கழுத்தைப் பிடித்தார். அண்ணன் முகம் ஒரு கணம் மாறியதை நாம் கண்டோம். வாக்கு வாக்குதான். சாக்கை விரித்து ஆட்டோவில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

ஆக, இப்போது பட்டிக் கிடாயாக வளர்வது மகன் காட்டிய ஒற்றைக் குட்டி. பக்ரீத்துக்கு முன் ஒரு வியாபாரி அதற்கு ரூ. 15,000 வரை ஏறினார். எடைக்கணக்குச் சொன்ன அந்தப் பையனே வாசலில் நின்று இல்லை என்று சொல்லி அனுப்பினானாம். இதனால் அவன் போயர் எண்ணத்தை அடியோடு விட்டுவிட்டான் என்று கொள்ள வேண்டாம். வேலிக்கு அப்பால் தனிக் கொட்டகை போட்டு விற்பனைக்கென நான்கு கலப்பாடுகள் வளர்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அண்ணனும் வேலி உயரமாக இருக்கட்டும் என்பதோடு நிறுத்திக் கொண்டார்.

சிக்கல் தீர்ந்தபாடில்லை. அந்தக் கிடாயைப் பழைய பெட்டைகளோடு சேர்க்கலாம், அதன் தாயை மட்டும் ஒதுக்கிக் கட்ட வேண்டும். அதனோடு பிறந்த பதினைந்து பெண்குட்டிகளும் ஒரே தகப்பனின் மக்கள். அவற்றுக்கு அது ஆகாது. வேறு இரத்தம் வேண்டும். சாத்தூர் அம்மாவின் கிடாயே அவற்றின் தகப்பன் என்பதால் அங்கும் போக முடியாது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒருவரிடம் எட்டுப் பால்கன்னி இருப்பதாகவும், அவர் விற்றாலும் விற்பார் என்றும் வண்டிக்காரர் செய்தி அனுப்பியிருக்கிறார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அண்ணனும் மகனும் புறப்படுகிறார்கள்.